பத்தொன்பதாவது முடிச்சு

ஒரு முழம் தெளிவு இரண்டு காசு. அந்த ஏரியில் அதுதான் விலை. தெளிவுக்கெல்லாம் விலை போடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டுவிட்டு, காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, நல்ல இடமாகப் பார்த்துப் படகில் உட்கார்ந்துவிடுவார்கள்.

விலை போட்டவள் தட்டுக்காரி. அவள் படகின் அடியில் ஒரு கட்டில் அகலத்துக்குக் கனத்த கண்ணாடி பதித்திருந்தது. பயணிகள் அதைச் சுற்றிக் குந்தி, மீன் கூட்டம் திரும்புவதையும், தண்ணீருக்குள் போய்விட்ட பழைய கல் படிக்கட்டையும், என்றோ கவிழ்ந்த வண்டி ஒன்றின் சக்கரத்தையும் பார்ப்பார்கள். தண்ணீர் தெளிந்த நாளில் சக்கரத்தின் ஆரங்களை எண்ணலாம். கலங்கின நாளில் அவரவர் மூக்கின் நிழல்தான் தெரியும். இரண்டுக்கும் ஒரே கட்டணம் வாங்குவது பகல் கொள்ளை என்பது தட்டுக்காரியின் கட்சி.

அதனால் தினமும் முதல் சவாரிக்கு முன் ஏரியின் நடுவுக்குப் போவாள். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவாள். கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு. தட்டு கண்ணுக்கு மறைந்ததும் கயிற்றை இறுக்கிப் பிடித்து, உள்ளே போன முடிச்சுகளை எண்ணுவாள். எத்தனை முடிச்சோ அத்தனை இரண்டு காசு. கரைக்குத் திரும்பி, கரும்பலகையில் அன்றைய எண்ணைச் சுண்ணக்கட்டியால் எழுதிவிடுவாள்.

"கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?" என்று யாராவது இழுத்தால், "பேரம் ஏரிகிட்ட பேசுங்க. நான் வெறும் ஏஜெண்டு," என்பாள்.

தட்டைப் பார்ப்பது ஒரே ஒரு ஆள்தான். இரண்டு பேர் பார்த்தால் இரண்டு கணக்கு, இரண்டு கணக்கு வந்தால் சண்டை. ஆகவே துடுப்புப் போடும் மகள்கூட அந்த நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். தொழில் சட்டம் அது.

மூன்று வருடத்துக்கு முன்னால் பலகையில் பதினெட்டு இருந்தது. பிறகு பதினாறு. பிறகு பதின்மூன்று. இந்த வருடம் ஒன்பது.

உலகமே அளவில் கை வைக்கத் தொடங்கிவிட்டது என்று தட்டுக்காரிக்குப் பட்டது. பத்திரிகைக்காரன் மையில் தண்ணீர் கலந்தான். ஊசிக்காரன் காதைச் சின்னதாகப் போட்டு வேலையை மிச்சம் பிடித்தான். பல்புக் கம்பெனிக்காரன் வெளிச்சத்துக்குப் பதிலாகச் சுற்றிலும் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்து ஏமாற்றினான். இவர்களையெல்லாம் கடையில் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டாள். ஏரியைக் கெடுப்பவனை மட்டும் கேட்க முடியவில்லை. அவர் அவளுக்குச் சம்பந்தி ஆகப்போகிறவர்.

ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையின் கரையில் அவருடைய சாயப்பட்டறை இருந்தது. முப்பது வருடமாக நூலுக்குச் சாயம் ஏற்றி முழங்கை வரை நீலமாகிப் போன மனிதர். அந்தக் கையைப் பார்க்கிற யாரும் தண்ணீர் கலங்கியதற்கு வேறு காரணம் தேட மாட்டார்கள். அவருடைய மகனுக்கும் தட்டுக்காரியின் மகளுக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, கல்யாண நாளும் குறித்தாயிற்று.

தட்டுக்காரி முதலில் ஜாடையாகச் சொன்னாள். கழிவு நீர் தெளிவதற்குப் பட்டறையில் ஏற்கெனவே இரண்டு தொட்டி இருந்தது. சாயக்காரர் உடனே மூன்றாவது தொட்டி வெட்டினார். பதினைந்து ஆட்களை இறக்கி, ஒரு குளம் அளவுக்கு வெட்டினார். அடுத்த மாதம் தட்டுக்காரியின் பலகையில் பத்து ஒன்பதாயிற்று.

அன்றே பட்டறை வாசலுக்குப் போய் நின்றாள்.

"சம்பந்தி, முகத்துக்கு நேரா சொல்லிடறேன். ஏரி பதினெட்டுக்குத் திரும்பற வரைக்கும் கல்யாணப் பேச்சு வேண்டாம்."

"சம்பந்தியம்மா, இதுக்கு மேல நான் தொட்டி வெட்டணும்னா வீட்டுக் கூடத்துலதான் வெட்டணும். என் தண்ணி சுத்தம்."

"உங்க கையைப் பாத்துட்டு இன்னொரு தடவை சொல்லுங்க."

"கை தொழில் பண்ணுது, நீலமா இருக்கு. தண்ணியைப் பாருங்க!"

"தினம் பாக்கறேன். அதான் வந்திருக்கேன்."

அன்றிலிருந்து மகள் அம்மாவிடம் படகு பாஷை தவிர வேறு எதுவும் பேசவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டால் "நேரா" என்பாள். தூங்கலையா என்றால் "இடது பக்கம் பாறை" என்பாள். ஒரே ஒரு முறைதான் வாயைத் திறந்து, "அம்மா, கண்ணாடி வழியா எனக்கு எல்லாம் பளிச்சுனு தெரியுது," என்றாள்.

"உனக்குத் தெரியும்டி. அவங்க வீட்டு ஓடை உனக்குப் பன்னீராத்தான் தெரியும். மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சி செல்லாது."

பயணிகளைக் கேட்கலாம்தான். ஆனால் எண் குறைந்தால் அவர்களுக்குக் கட்டணம் குறையும். அவர்கள் சாட்சியும் செல்லாது. சாயக்காரர் சாட்சியே இல்லை, பிரதிவாதி. ஆக, அந்தத் தண்ணீரைப் பார்த்துச் சொல்ல ஊரில் பொதுவான கண் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இதைச் சாயக்காரரும் யோசித்திருக்க வேண்டும். ஏரி ஆய்வு ஆபீசுக்கு ஆறு மனு எழுதி, ஏழாவதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு கருவியை வரவழைத்துவிட்டார்.

கருவி வருவதற்கு முதல் நாள் படகுத்துறையில் பந்தயம் பேசினார்கள். பதினைந்தும் அதற்கு மேலும் வந்தால் கல்யாணம் குறித்த நாளில் நடக்கும். தட்டுக்காரி வேலை நேரத்தில் பட்டறைக்கு வந்து, "தப்பு என்னுது," என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். குறைந்தால் சாயக்காரர் பட்டறையை ஓடைக்கரையிலிருந்து பெயர்த்துக்கொண்டு, ஏரிக்குக் கீழ்ப்பக்கம் போய்விட வேண்டும். பதினைந்து என்ற எண் சும்மா வந்துவிடவில்லை.

"பன்னிரண்டு," என்று ஆரம்பித்தார் சாயக்காரர்.

"பதினெட்டு."

"நல்ல காலத்துலயே நீங்க பதினெட்டு எழுதினது எத்தனை நாள்?"

"சரி, பதினேழரை."

"முடிச்சுல அரை ஏதும்மா?"

"முடிச்சுல இல்ல. பேரத்துல உண்டு."

"பதிமூணு. எனக்கும் குடும்பம் இருக்கு."

"எனக்கும் அதே குடும்பம்தானே வரப்போகுது. பதினாறு."

பதினைந்தில் கை குலுக்கிக்கொண்டார்கள். தட்டுக்காரி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், சாயம் ஒட்டியிருக்கிறதா என்று.

மறுநாள் காலை, கருவியோடு ஆய்வு ஆபீஸ் அம்மாள் வந்து சேர்ந்தார். இருபது வருடமாக ஏரிகளை ஆராய்கிறவர். படகில் கால் வைத்ததும் தலை சுற்றுகிறவர். ஒரு கையால் படகின் விளிம்பையும் மறு கையால் பிஸ்கட் பொட்டலத்தையும் பிடித்துக்கொண்டார். கருவிப் பெட்டியைச் சாயக்காரர் மடியில் வைத்துக்கொண்டார். மகள் துடுப்புப் போட்டாள்.

"இதுக்கு என்னங்க பேரு?" என்று கேட்டாள் தட்டுக்காரி.

"டயாஃபனோமீட்டர்."

"எப்பா! கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள தண்ணி கலங்கிடுமே."

"அரிய பேருங்க. படிச்சவங்கள்லயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு பொருளுக்குள்ள வெளிச்சம் எவ்வளவு தேறி அந்தப் பக்கம் போய்ச் சேருதுன்னு அளக்கறது."

"யார் கண்ணால பாக்குது?"

"யார் கண்ணாலயும் இல்ல. இந்தக் குழாய்ல ஒரு முனையில விளக்கு. அடுத்த முனையில ஒரு சில்லு. வெளிச்சம் பட்டா அந்தச் சில்லுல மின்சாரம் ஊறும். எவ்வளவு ஊறுதுன்னு இந்த முள்ளு காட்டும்."

தட்டுக்காரி பெட்டிக்கு நேரே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தச் சில்லுக்குக் கல்யாண வயசுல பையன் இருக்கானா?"

அம்மாள் சாயக்காரரைப் பார்த்தார். அவர் வானத்தைப் பார்த்தார். "இல்லீங்க," என்றார் அம்மாள்.

"படகுல போற பழக்கம் உண்டா? கட்டணம் குறைஞ்சா லாபம் உண்டா?"

"அதுக்கு ஒண்ணுமே கிடையாதுங்க."

"அப்போ சாட்சிக்கு லாயக்கு. ஆனா தராசை நம்பறதுக்கு முன்னால படிக்கல்லை வெச்சுப் பாக்கணும்."

சொல்லிவிட்டு முந்தானைக்குள்ளிருந்து மூன்று பாட்டில்களை எடுத்து வைத்தாள். விடிந்ததும் அவளே தயார் செய்தவை. ஒன்றில், காய்ச்சித் துணியில் இருமுறை வடிகட்டிய கிணற்றுத் தண்ணீர். அடுத்ததில் அதே தண்ணீரோடு ஒரு சொட்டுப் பால். மூன்றாவதில் நாலு சொட்டு. எது எது என்று அவளுக்கு மட்டும் தெரியும்படி, தக்கைகளின் அடியில் கத்தியால் கீறி வைத்திருந்தாள்: ஒன்றில் கீறலே இல்லை, ஒன்றில் ஒரு கீறல், ஒன்றில் இரண்டு. தக்கைகளைக் கழற்றி, கீறல்களை விரலால் தடவி மனத்தில் குறித்துக்கொண்டு, பாட்டில்களை வரிசை மாற்றி நீட்டினாள்.

"உங்க சாட்சியை விசாரிங்க."

அம்மாள் ஒவ்வொன்றாகக் கருவியின் கண்ணாடித் தொட்டியில் ஊற்றி, முள்ளைப் பார்த்து, மறுபடி பாட்டிலிலேயே ஊற்றித் தந்தார்; தட்டுக்காரி அந்தந்தத் தக்கையால் மூடிக்கொண்டாள். "முதல்ல குடுத்தது கலங்கல், முப்பத்தொண்ணு. நடுவுல உள்ளது சுத்தம், தொண்ணூத்தி எட்டு. கடைசி கொஞ்சம் மட்டம், எழுபத்தி ரெண்டு."

மூன்றும் சரி. தட்டுக்காரிக்கு உள்ளூர மரியாதை வந்துவிட்டது. பொய் சொல்லாத பொருள் ஒன்றைச் சந்தையில் அவள் பார்த்து வெகு நாளாயிற்று.

"சரி, இறக்குங்க."

குழாய் தண்ணீருக்குள் போனது. கம்பி அதன் பின்னால் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சாயக்காரர் மூச்சை உள்ளே இழுத்தவர் வெளியே விட மறந்துவிட்டார். மகள் துடுப்பைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதன் நுனியிலிருந்து சொட்டுகள் விழும் சத்தம் கேட்டது. முள் எழும்பி, ஒருமுறை தயங்கி, நின்றது. அம்மாள் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த பட்டியலில் விரலை ஓட்டினார். எண்ணுக்கு நேரே முழக் கணக்கு.

"பத்தொன்பது முழம்."

"எத்தனை?"

"பத்தொன்பது முடிச்சு. தாராளமா."

சாயக்காரர் விட்ட மூச்சில் பிஸ்கட் பொட்டலம் பறந்தது. மகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இருங்க, இருங்க," என்றாள் தட்டுக்காரி. "என் ஆயுசுல இந்த ஏரி பத்தொன்பது காட்டினதில்ல. பதினெட்டுதான் உச்சம். நேத்துதான் ஒன்பது எழுதினேன். ஒரு கிளாஸ் குடுங்க."

படகோரம் குனிந்து கண்ணாடி டம்ளரில் ஏரித் தண்ணீரை அள்ளினாள். சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். உள்ளே புகை படிந்தாற்போல ஒரு மூட்டம்.

"பாருங்க, இதா பத்தொன்பது? இதோ என் சுத்தத் தண்ணியைப் பக்கத்துல வெச்சுப் பாக்கறேன், வித்தியாசம் தெரியும்."

தக்கைகளைக் கழற்றி அடியில் தடவி, கீறல் இல்லாத தக்கை போட்டிருந்த பாட்டிலை எடுத்தாள். வெயிலுக்கு நேரே தூக்கினாள். அதிலும் மூட்டம். ஏரியில் எவ்வளவோ அவ்வளவு. டம்ளரைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். இடம் மாற்றிப் பிடித்தாள். இந்தத் தண்ணீரை அவளே காய்ச்சினாள். அவளே வடிகட்டினாள். இருமுறை. இதில் சாயக்காரர் கை படவில்லை, ஓடை கலக்கவில்லை.

மூட்டம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தது.

தட்டுக்காரி திரும்பிக் கரையைப் பார்த்தாள்.

"ஏய், என் பலகையில என்ன எழுதியிருக்கு, இங்கேருந்து தெரியுதா?"

"ஒன்பது," என்றாள் மகள்.

"நான் சின்னதா எழுதறேனோ?"

"பலகை நிறைய எழுதறம்மா. மூணு வருஷமா எழுத்து பெருசாகிட்டே வருது. அடுத்த வருஷம் பக்கத்துச் சுவர்லயும் கொஞ்சம் எழுதுவேன்னு நெனச்சேன்."

"சொல்றதுக்கென்னடி?"

"என் சாட்சிதான் செல்லாதே."

பத்திரிகைக்காரனும் ஊசிக்காரனும் பல்புக் கம்பெனிக்காரனும் வரிசையாகத் தட்டுக்காரியின் மனத்தில் வந்து நின்றார்கள். அத்தனை பேர் தராசையும் தட்டிப் பார்த்தவள், தன் தராசைத் தவிர. நினைக்க நினைக்க அடி வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். படகு ஆடியது. "ஐயோ, ஆட்டாதீங்க!" என்று ஆய்வு ஆபீஸ் அம்மாள் சாயக்காரரின் நீலக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கரையில் முதல் சவாரிக்கு வழக்கமான வரிசை நின்றது. மூன்று வருடமாக நீண்டுகொண்டே வந்த வரிசை. ஏரி கெட்டும் கைவிடாமல் வருகிறார்களே என்று தட்டுக்காரி மனம் உருகியிருக்கிறாள். இன்று வரிசையில் முதலில் நின்ற தபால்காரரை நேரே கேட்டாள்.

"நேத்து வண்டிச் சக்கரம் பாத்தீங்களா?"

"பாத்தேனே."

"எத்தனை ஆரம்?"

"பன்னிரண்டு," என்றார் தபால்காரர் பெருமையாக.

"ஒன்பது முடிச்சுத் தண்ணியில ஆரம் எண்ண முடியுமா?"

தபால்காரர் தன் செருப்பைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். கடைசியிலிருந்து ஒரு குரல், "சொல்லலாம்னுதான் இருந்தோம்," என்றது.

"எப்போ? நான் பலகையில பூஜ்யம் எழுதின பிறகா?" என்றாள் தட்டுக்காரி. சுண்ணக்கட்டியை எடுத்து ஒன்பதை அழித்துப் பத்தொன்பது எழுதினாள். "முப்பத்தெட்டுக் காசு. இன்னிக்கு மனசு நல்லா இருக்கு, அதனால குறைக்க மாட்டேன்."

ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை.

பட்டறைக்கு அன்று பிற்பகலே போனாள். பேச்சுப்படி வேலை நேரம். கொப்பரைகளில் நீலமும் சிவப்பும் கொதித்துக்கொண்டிருந்தன. தொழிலாளிகள் கோலைப் போட்டுவிட்டு வரிசையாக நின்றார்கள். சாயக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தப்பு என்னுது," என்றாள் தட்டுக்காரி.

"கொப்பரைச் சத்தத்துல கேக்கலையே."

"பேச்சு என்ன? காதுல விழணும்னுதான். காதைக் குடுத்துக் கேட்டா விழும்."

"பின்னால நிக்கறவனுக்கு விழலையாம்."

"அவனை முன்னால வரச் சொல்லுங்க. ஒரு தடவைதான் பேச்சு."

சாயக்காரர் எழுந்துவிட்டார். "வேண்டாம், விடுங்க. எனக்கு விழுந்துச்சு."

அவர் முகம் அவளுக்குத் துல்லியமாகத் தெரியவில்லை. குரல் தெரிந்தது. அதில் வெற்றி பெற்றவனின் மிடுக்கு துளிகூட இல்லை. மூன்று மாதமாக இந்த மனிதர் தூங்கியிருக்க மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. கொப்பரைப் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினாள்:

"தப்பு என்னுது! என் கண்ணுது! சம்பந்தி தண்ணி சுத்தம்!"

பட்டறையே கோலால் கொப்பரையைத் தட்டியது. "இது கணக்குல வராது. கொசுறு," என்றாள் தட்டுக்காரி.

ஓடையிலிருந்தும் பட்டறையிலிருந்தும் தண்ணீர் எடுத்துக் கருவியில் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வு ஆபீஸ் அம்மாள் அப்போதுதான் உள்ளே வந்தார். தரையில் நின்றதால் முகத்தில் தெம்பு வந்திருந்தது. பதினெட்டைத் தாண்டாத ஏரி பத்தொன்பதுக்குப் போனதன் காரணத்தை அவர் கண்டுபிடித்திருந்தார். அந்த மூன்றாவது தொட்டி. இரண்டு தொட்டியில் நியாயமாகத் தெளிந்த தண்ணீர், மூன்றாவதில் அநியாயத்துக்குத் தெளிந்துவிட்டதாம்.

"அப்போ நான் வீண் பழி போட்டதுல ஏரிக்கு ஒரு முடிச்சு லாபம்," என்றாள் தட்டுக்காரி.

"எனக்கு?" என்றார் சாயக்காரர்.

"தொட்டியில வாத்து நீந்துதே, பாக்கலையா?"

கண் டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றியிருப்பதாகச் சொன்னார். "ரெண்டும் சேர்த்துப் பண்ணினா எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டாள் தட்டுக்காரி. அவர் குறைக்கவில்லை. வலது கண்ணைக் கல்யாணத்துக்கு முன்னும் இடது கண்ணைப் பின்னும் செய்தார்.

கட்டு அவிழ்த்த அன்று மாப்பிள்ளைப் பையன் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். தட்டுக்காரி அவனை வலமும் இடமுமாகத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏண்டி, இவ்வளவு பெரிய காதா? நாள் குறிக்கறதுக்கு முன்னாடியே என் கண்ணைக் காட்டியிருக்கலாமே!"

"பேசி முடிச்சாச்சும்மா. சரக்கு திரும்பப் பெற மாட்டாங்க," என்றாள் மகள். அவள் சிரிக்கும்போது இடது கன்னத்தில் ஒரு சின்ன மச்சம் மேலே ஏறி இறங்கியது. அது அங்கே இருப்பதையே தட்டுக்காரி மறந்துபோயிருந்தாள். மகளை அருகில் இழுத்து, அந்த மச்சம் இன்னொரு தடவை ஏறி இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, புது மாப்பிள்ளை துடுப்புப் போட, ஏரியின் நடுவுக்குப் போய்த் தட்டை இறக்கினாள். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. தட்டு ஒரு நாணயம் அளவுக்குச் சுருங்கி, பொட்டு அளவுக்குச் சுருங்கி, மறைந்தது. கரைக்கு வந்து பலகையில் எண்ணை எழுதினாள், இந்த முறை அளவான எழுத்தில். மிச்ச இடத்தில், எல்லோரும் படிக்கட்டும் என்று, கணக்கையும் போட்டாள்:

சம்பந்திக்கு நான் தர வேண்டிய மன்னிப்பு: ஒன்று. கொடுத்தது: இரண்டு. ஒன்று கொசுறு.

சம்பந்தி ஏரிக்குக் கொடுத்தது: ஒரு முடிச்சு. வரவு.

மகள் என்னிடம் பேசாத நாள்: நாற்பத்து மூன்று. நேற்று ஒரே நாளில் பேசித் தீர்த்தாள். நேர்.

பயணிகள் பார்த்துவிட்டுக் காசு தராத தெளிவு: மூன்று வருடம், தினம் இரண்டு முதல் பத்து முடிச்சு வரை. பாக்கி. தபால்காரர் பேர் முதலில்.